இடது பக்கக் குமிழ்

இல்லை பாய், விற்பதற்குக் கொண்டுவரவில்லை. சரிபண்ணி இனிமேல் இதில் படம் எடுக்கவும் போவதில்லை. எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இந்தக் கேமராவில் பிலிமை மாட்டினால் ஓடுமா, ஓடாதா? ஓடாது என்றால் கோளாறு எந்த இடத்தில்? அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். முப்பத்தைந்து வருஷமாக இதே மேசையில் உட்கார்ந்து கேமராவைப் பிரித்துப் பூட்டுகிறவர் என்று உங்களைப் பற்றிச் சொன்னார்கள். நீங்கள் ஒன்று சொன்னால் அதற்கு மேல் அப்பீல் இல்லை.

உட்காருகிறேன், உட்காருகிறேன். தண்ணீர் வேண்டாம், பஸ்ஸிலேயே குடித்தேன்.

ஜன்னல் வழியாகப் பாருங்கள். கீழே ஜூஸ் கடை பெஞ்சில் பச்சைச் சேலை கட்டி ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறாளே, என்னோடு வந்தவள்தான். என் வீட்டுக்காரி இல்லை. எங்கள் ஊர்க்காரி, அருப்புக்கோட்டை. பெயர் சண்முகவடிவு. முட்டி வலி, இவ்வளவு செங்குத்தான படி ஏற முடியாது என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் மனசு மாறி மேலே ஏறி வருவதற்குள் நீங்கள் சொல்லிவிட்டால் உபகாரமாக இருக்கும்.

என் பெயர் தட்சிணாமூர்த்தி. மின்வாரியத்தில் வேலை. இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கிறது.

இது நான் வாங்கும்போதே பழசு பாய். தொண்ணூற்றாறில் வாங்கினேன். சவூதியிலிருந்து திரும்பி வந்த ஒருவர் விற்றார். அவரும் அங்கே யாரிடமோ பழசாக வாங்கியதுதான். எனக்கு முன்னால் இரண்டு கை பட்டிருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன், என்னிடம் வரும்போதே கோளாறோடு வந்திருக்கலாம் இல்லையா? பிலிம் ஓட்டையில் மாட்டுகிற பல் தேய்ந்திருக்கலாம். வலது பக்கம் சுற்றுகிற உருளை வழுக்கியிருக்கலாம். அந்த உருளையில் ஒரு கீறல் இருக்கிறது பாருங்கள், பிலிம் நாக்கைச் செருகுகிற இடம், அது அகன்றுபோயிருக்கலாம். நான் படித்துப் பார்த்துவிட்டேன் பாய். இந்த ஒரு விஷயத்தைப் பற்றி எவ்வளவு படிக்க முடியுமோ அவ்வளவும் படித்துவிட்டேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயசு. கல்யாணம் ஆகவில்லை. மீட்டர் ரீடிங் எடுக்கிற வேலை. தெருவில் நுழைந்தால் போதும், பெண்கள் இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்க ஓடுவார்கள், நான் பார்க்கிற ஒரு நிமிஷம் அணைத்து வைத்தால் ரெண்டு மாசக் கணக்கும் இறங்கிவிடும் என்கிற மாதிரி. அப்படி ஒரு மரியாதை. அந்தச் சமயத்தில்தான் இதை வாங்கினேன். வாங்கிய மறுநாளே கழுத்தில் மாட்டிக்கொண்டு ரீடிங் எடுக்கப் போனேன். சிரிக்காதீர்கள். எதற்காக மாட்டிக்கொண்டு போனேன் என்று எனக்கே இப்போது புரியவில்லை. பிலிம்கூட அதில் போடவில்லை. டப்பா பைக்குள் இருந்தது.

அன்றைக்கு வைகாசியில் ஒரு பெரிய முகூர்த்த நாள். தறிக்காரர் தெருவில் திரும்புகிறேன், தறிச் சத்தம் இல்லை. அந்தத் தெருவில் தறிச் சத்தம் இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. ஒரு வீட்டு வாசலில் கூட்டம். சண்முகவடிவின் பிள்ளை. மூன்று வயசு, பெண் பிள்ளை, செவந்தி என்று பெயர். இரண்டு நாள் காய்ச்சல், விடிகிற நேரத்தில் ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது. தகப்பன் கோட்டைச்சாமி லாரி டிரைவர். நாக்பூருக்கு லோடு ஏற்றிப் போயிருக்கிறான். புக்கிங் ஆபீஸ் மூலமாகத் தகவல் சொல்லியிருக்கிறார்கள், வந்து சேர மூன்று நாள் ஆகும். சின்னப் பிள்ளை, வைத்திருக்க முடியாது, உச்சிப் பொழுதுக்குள் எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் முடிவுபண்ணிவிட்டார்கள்.

அந்தப் பிள்ளையை அதுவரைக்கும் ஒரு போட்டோ எடுத்ததில்லை பாய். எடுத்தால் ஆயுசு குறையும் என்பார்கள். இருக்கன்குடியில் முதல் மொட்டை போட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். ஆடியில் மொட்டை. இது வைகாசி.

ஸ்டுடியோவுக்கு ஆள் போய்த் திரும்பி வந்துவிட்டது. கேமராக்காரர் ஒருத்தர்கூட இல்லை, எல்லாரும் கல்யாண வீடுகளில். அந்த நேரத்தில் நான் கழுத்தில் இதை மாட்டிக்கொண்டு தெரு முனையில் திரும்புகிறேன்.

அவள்தான் முதலில் பார்த்தாள். எழுந்து ஓடி வந்தாள். தலை அவிழ்ந்து கிடக்கிறது.

"ரீடிங்காரண்ணே, ஒரு படம் எடுத்துக் குடுங்கண்ணே. அவரு வந்து பிள்ளை எங்கன்னு கேட்டா நான் என்னத்தைக் காட்டுவேன்?"

நான் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது, சொல்லுங்கள்.

தறிக் கொட்டகை நிழலில் போய் நின்று பிலிமை மாட்டினேன். சரியாகத்தான் மாட்டினேன். வந்து எடுத்தேன். பன்னிரண்டு படம். மறுநாள் லேபில் கொடுத்தேன். ஜெயசீலன் என்று ஒருவர் கலர் லேப் வைத்திருந்தார், நல்ல மனுஷன் என்று பெயர். அதற்கு மறுநாள் போனால், சுருளைத் தூக்கிக் காட்டி, "சார், ஒண்ணுமே விழலை. பிலிம் ஓடவேயில்லை" என்கிறார். பளிச்சென்று இருக்கிறது, ஆரஞ்சு நிறக் கண்ணாடித்தாள் மாதிரி. ஒரு நிழல் இல்லை, கோடு இல்லை. அப்போதுதான் எனக்குத் தெரியும் பாய். லேபில் அவர் சொல்லித்தான் எனக்கு விஷயமே தெரியும்.

பல்லைப் பார்க்கிறீர்களா? எப்படி இருக்கிறது? தேய்மானம் இல்லையா? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டே சொல்லுங்கள், அவசரம் இல்லை. அவசரம்தான். இருந்தாலும் பாருங்கள்.

அந்தப் படங்கள் எனக்கு இப்போதும் தெரியும். கேட்டால் வரிசையாகச் சொல்லுவேன். முதல் படத்தில் அவள் பிள்ளையைத் தோளில் போட்டு நிற்கிறாள். அது சரியில்லை என்று நான்தான் நாற்காலி கொண்டுவரச் சொன்னேன். பச்சை வயர் பின்னிய நாற்காலி. இரண்டாவதில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் வைத்திருக்கிறாள். பிள்ளைக்கு நீலக் கவுன், முன்னால் மூன்று வெள்ளைப் பொத்தான், நடுப்பொத்தான் வேறே நூலில் தைத்தது. இடது காலில் மட்டும் கொலுசு. மற்றதை ஆஸ்பத்திரியில் ஊசி போடும்போது கழற்றியிருக்கிறார்கள். கையில் கறுப்பு வளையல், ஒவ்வொரு கையிலும் இரண்டு. தாடை தொங்காமல் அவள் வலது கையால் தாங்கிப் பிடித்திருக்கிறாள். கேமராவில் கை தெரியாமல் இருக்கட்டும் என்று முந்தானையால் மூடிக்கொள்ளச் சொன்னேன். மூடிக்கொண்டாள். நான் சொன்னதையெல்லாம் செய்தாள் பாய். "இந்தப் பக்கம் திரும்பு." திரும்புவாள். "கொஞ்சம் நிமிர்த்திப் பிடி." பிடிப்பாள். "அழாதேம்மா, படம் ஆடிப்போகும்." அழுகையை நிறுத்தினாள். அப்படியே நிறுத்தினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு நேராகப் பார்த்தாள்.

அவள் மாமனார் முறைக்கு ஒரு பெரியவர் பின்னாலிருந்து, "என்னப்பா, கல்யாணமா நடக்குது இங்க? சட்டுனு முடி" என்றார்.

இவள் என்னைப் பார்த்து, "போதுமாண்ணே?" என்றாள்.

"இன்னும் ஒண்ணு" என்றேன்.

என்ன கேட்டீர்கள்? லீவரா?

லீவர் எப்படி இருந்தது என்றால்... எல்லா லீவரையும் மாதிரிதான். ஒவ்வொரு படத்துக்கும் பிலிமை நகர்த்த வலது கைக் கட்டைவிரலால் தள்ளினேன். வந்தது. ஏன் கேட்கிறீர்கள்?

லேசாகத்தான் இருந்தது. ஆமாம். பிலிம் மாட்டியிருந்தால் லீவரில் ஒரு இழுவை இருக்கும் என்று எனக்கும் தெரியும். பிலிம் இல்லாமல் வெறும் லீவரைத் தள்ளினால் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், வாங்கிய அன்றைக்கு முழுக்க அதைத்தானே செய்துகொண்டிருந்தேன். முதல் படத்தில் லேசாக இருந்தது. புதுப் பிலிம், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவதில் லேசாக இருந்தது. இந்தக் கட்டைவிரல் இருக்கிறதே பாய், அது இப்போதும் சும்மா உட்கார்ந்திருக்கும்போது தானாக ஒரு தள்ளு தள்ளும். வீட்டில் சிரிப்பார்கள், "என்ன, யாருக்குத் தாளம் போடறீங்க?" என்று.

சரி. குமிழையும் பார்த்தேன்.

இதோ, இந்த இடது பக்கக் குமிழ். விற்றவர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "லீவரைத் தள்ளும்போதெல்லாம் இது சுத்துதான்னு ஒரு கண்ணு வச்சுக்கோங்க. இது சுத்தினா பிலிம் போகுது. சுத்தலைன்னா உள்ள ஒண்ணும் நடக்கலைன்னு அர்த்தம்." டப்பாவுக்குள் சுருள் தளர்வாக இருந்தால் முதல் இரண்டு தள்ளுக்குக் குமிழ் அசையாது. அது வாஸ்தவம், நீங்களே தலையாட்டுகிறீர்கள். மூன்றாவதுக்கு அசைந்தாக வேண்டும். மூன்றாவது படத்துக்குத் தள்ளினேன். குமிழ் அப்படியே நின்றது.

நான் ஒரு நாளைக்கு நூற்றைம்பது வீட்டு மீட்டர் பார்க்கிறவன் பாய். உள்ளே சக்கரம் சுற்றுகிறதா நிற்கிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. நின்றால் அது என் கண்ணில் படாமல் போகாது.

அதற்குப் பிறகு ஒன்பது படம் எடுத்தேன்.

ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டால் நல்லது. இதை நான் எனக்கு நானே கேட்டுக் கேட்டு, இப்போது கேள்வியாகவே தோன்றுவதில்லை. "ஒரு நிமிஷம் இருங்க, பிலிம் ஏறலை" என்று சொல்லிவிட்டு நிழலுக்குப் போய் மறுபடியும் மாட்டியிருக்கலாம். நாலு நிமிஷ வேலை. அந்தப் பெரியவர் முணுமுணுத்திருப்பார். கூட்டத்தில் எவனாவது, "கேமராவை மாட்டிக்கிட்டு வந்துட்டான் பெருசா" என்றிருப்பான். அவ்வளவுதான் நடந்திருக்கும். சரி, சொல்ல வாய் வரவில்லை, மூன்றோடு நிறுத்தியிருக்கலாமே? பாவம், அவ்வளவு நேரம் ஏன் அவளைப் பிடித்து வைத்தேன்? நான் கேமராவை இறக்கும்போதெல்லாம் அவள் "போதுமாண்ணே?" என்பாள். "இன்னும் ஒண்ணு" என்று என் வாய் சொல்லும். ஒருவேளை அடுத்த தள்ளில் மாட்டிக்கொள்ளும் என்று நினைத்தேனா? அப்படித்தான் ரொம்ப வருஷம் சொல்லிக்கொண்டேன். இன்னொன்றும் சொல்லிக்கொள்வேன். நான் எடுத்துக்கொண்டிருந்த வரைக்கும் பிள்ளையை அவள் மடியிலிருந்து யாரும் வாங்கவில்லை. கேமராவை உறையில் போட்ட உடனே வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் நான் எடுக்க எடுக்க அவளுக்கு நேரம் கிடைத்தது இல்லையா? அது ஒரு நன்மைதானே?

நீங்கள் பதில் சொல்ல வேண்டாம்.

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன். ஆமாம், வீட்டிலேயே திறந்து பார்த்தேன். லேபில்தான் தெரியும் என்று முன்னால் சொன்னது சும்மா. நாக்கு வெளியே சுருண்டு கிடந்தது, நான் வைத்த இடத்திலேயே. கீறலிலிருந்து நழுவியிருந்தது. அதைப் பிடித்து உள்ளே சுருட்டிவிட்டு மறுநாள் ஜெயசீலனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சந்தேகத்துக்கு இடம் வேண்டாமே என்றுதான். ஏதாவது ஒரு ஓரத்தில் விழுந்திருந்தால்?

அவளிடம், "லேபில கெட்டுப்போச்சும்மா" என்று சொன்னேன். நான் அதோடு விட்டுவிட்டேன். அவள் விடவில்லை. மறுநாள் காலையில் போய் ஜெயசீலன் லேப் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். கத்தவில்லை, திட்டவில்லை, படியில் உட்கார்ந்திருக்கிறாள். கூட்டம் கூடிவிட்டது. நான் எதிர்ப்பக்கம் மின்கம்பத்தை ஒட்டி நின்றேன். அவர் வெளியே வந்தார். அவளைப் பார்த்தார். கூட்டத்துக்கு மேலே என்னைப் பார்த்தார். பிறகு அவளிடம் குனிந்து, "பிலிம் கழுவுற மருந்து சூடு கூடிப்போச்சும்மா. என் தப்புதான். என்னை மன்னிச்சிரு" என்றார்.

வியாபாரம் செய்கிறவருக்கு அதுதான் புத்திசாலித்தனம், சண்டையை வளர்க்கக் கூடாது என்று நினைத்திருப்பார். அந்தத் தெருக்காரர்கள் அதற்குப் பிறகு அவரிடம் போகவில்லை, அது வேறே விஷயம். அஞ்சாறு வருஷத்தில் கடையை மூடிவிட்டு மகள் ஊருக்குப் போய்விட்டார். எப்படியும் மூடித்தான் இருப்பார், அப்போது எல்லா லேபும் மூடிக்கொண்டிருந்த காலம். என்னோடு பேசுவதை அவர்தான் நிறுத்தினார். நான் நிறுத்தவில்லை.

கோட்டைச்சாமி மூன்றாம் நாள் வந்தான். நேரே என் வீட்டுக்கு வந்தான். முதுகெல்லாம் தூசி, சட்டை மாற்றவில்லை. கோபப்படுவான் என்று நினைத்தேன். "அண்ணே, கெட்டுப்போனது போகட்டும். நீங்க பார்த்து எடுத்தீங்கள்ல. வலியோட போன மாதிரி இருந்துச்சா, தூங்கற மாதிரி இருந்துச்சா?" என்று கேட்டான்.

"தூங்கற மாதிரி இருந்துச்சுப்பா" என்றேன்.

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். பிறகு தெருவில் எங்கே பார்த்தாலும் ஒரு கும்பிடு. எனக்குக் கல்யாணம் ஆன பிறகும், எனக்கு மகள் பிறந்து அவளைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போதும், எதிரே லாரியில் வந்தால் ஹாரன் அடித்து ஒரு கும்பிடு. என் மகளை நான் ஒரு போட்டோ எடுத்ததில்லை பாய். அவள் கல்யாணத்தில் என்னை நடுவில் நிற்க வைத்து எடுத்தார்களே, அந்தப் போட்டோக்காரர் முகத்தை நான் பார்க்கவேயில்லை. அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட என் கண் நேராக இல்லை.

கோட்டைச்சாமி போன ஆடியில் இறந்துவிட்டான். இந்த ஆடியில் முதல் வருஷத் திதி. அதற்குத்தான் இப்போது இத்தனையும். செவந்திக்குப் பிறகு இவர்களுக்கு ஒரு மகன், சிவபிரகாஷ், ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் பண்ணுகிறான். செல்லரித்த படம், கிழிந்த படம், பாதி முகம் போன படம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் முழுசாக்கிவிடுகிறான். இவளுக்கு அதைப் பார்த்து ஒரு எண்ணம். மூன்று வாரத்துக்கு முன்னால் வீட்டுக்கு வந்தாள்.

"ரீடிங்காரண்ணே, அந்தக் கெட்டுப்போன பிலிமு உங்ககிட்டதானே இருக்கு? கெட்டுப்போயிருந்தாப் பரவாயில்லை, என் பையன் எடுத்துருவான். அவ அப்பாவையும் அவளையும் ஒரே சட்டத்துல மாட்டணும்."

இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். எறிந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யாகிவிடுமே. இருபத்தெட்டு வருஷமாக அலமாரியில்தான் இருக்கிறது. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப் பார்த்தேன். கடைசியில், "மதுரையில ஒரு பாய் இருக்காரு, அவர்கிட்டக் காட்டிட்டுத் தர்றேன்" என்றேன். "நானும் வர்றேண்ணே" என்று காலையில் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறாள்.

இதோ, என் சட்டைப் பையில் இருக்கிறது அந்தச் சுருள். பாருங்கள். இதை அந்தப் பையனிடம் கொடுத்தால் ஒரு நொடியில் சொல்லிவிடுவான், இதில் எதுவும் இருந்ததே இல்லை என்று.

அதனால் பாய், நீங்கள் ஒன்று செய்யலாம். கேமராவில் கோளாறு என்றால் அதை அவளிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். இல்லையென்றால்... உங்கள் மேசை ஓரத்தில் கறுப்பாக ஒரு சுருள் கிடக்கிறதே, வெளிச்சம் பட்டு, கழுவினதும் முழுக்கக் கறுத்துப்போன பிலிம்தானே? மாட்டிப் பார்ப்பதற்கு டப்பாவில் சுற்றி வைத்திருக்கிறீர்களா? அதைக் கொடுங்கள். தப்பாக நினைக்காதீர்கள். வெறும் கண்ணாடித்தாள் மாதிரி இருப்பதைக் கொடுத்தால் அவளுக்கு ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும். இது கறுப்பு. இதற்குள் பிள்ளை இருக்கிறாள், எடுக்கத்தான் முடியவில்லை என்று இருக்கும். அவளுக்கு அது ஆறுதல். எனக்காகக் கேட்கவில்லை.

கொடுக்கிறீர்களா? நன்றி பாய்.

என்ன? நானா? இதையே மாட்டிக் காட்டவா? அன்றைக்கு மாட்டின மாதிரியே?

சரி. பொறுங்கள். டப்பா இந்தப் பக்கம். குமிழை இறக்கு. நாக்கைக் கீறலில் செருகு. ம். கதவைச் சாத்து. அவ்வளவுதான்.

இல்லை, ரொம்ப உள்ளே செருக மாட்டேன். நுனி மட்டும்தான். திறந்து வைத்தபடி ஒரு சுற்றுச் சுற்ற மாட்டேன். அப்போது எல்லாருக்கும் தெரிந்த வழி பாய் இது, உங்களுக்கும் தெரிந்திருக்கும். முப்பத்தாறு படச் சுருளில் நுனியை மட்டும் மாட்டி உடனே சாத்தினால் முப்பத்தெட்டு எடுக்கலாம். கை சுத்தமாக இருந்தால் முப்பத்தொன்பது. ஆபீஸில் எல்லாரும் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். புதுப் பிலிம் போட்டவுடனே இரண்டு படத்தை வீணாக்க யாருக்கு மனசு வரும்?

தள்ளுகிறேன். ஒன்று. இரண்டு. மூன்று.

குமிழ் சுற்றவில்லை.

நீங்கள் மாட்டுங்கள். அதே சுருள், அதே கேமரா. உள்ளே வரைக்கும் செருகுகிறீர்கள், இரண்டு பக்க ஓட்டையும் பல்லில் உட்காருகிற வரைக்கும் ஒரு சுற்று, பிறகு கதவு. தள்ளுங்கள்.

சுற்றுகிறது.

மறுபடியும் தள்ளுங்கள்.

சுற்றுகிறது. சரி. போதும் பாய். எடுத்துவிடுங்கள். என்னிடம் கொடுங்கள் அந்தச் சுருளை. அப்படியென்றால் இந்தக் கேமராவுக்கு ஒன்றும் இல்லை. அன்றைக்கும் ஒன்றும் இல்லை.

பாய், படியில் சத்தம். அவள்தான்.

பார்த்து, பார்த்து. சுவரைப் பிடிச்சுக்கோ வடிவு. எதுக்கு ஏறி வந்தே, நான்தான் வர்றேன்னேனே. இப்படி உட்காரு. பாய், அந்த ஸ்டூலைக் கொஞ்சம்...

இதுவா? பிலிம்தான். ஆமாம், கறுப்பாத்தான் இருக்கு.

ஜன்னல்கிட்டப் பிடிச்சுப் பார்க்கணுமா? பாரு.

எங்கே? ஓரத்துலயா? நிழல் மாதிரி தெரியுதா?

பாய், நீங்கள் ஏன் என்னையே பார்க்கிறீர்கள்?

வடிவு. அதைக் கீழே வை. கண்ணுல ஒத்திக்காதே, தாயி, கீழே வை. அது உன்னோடது இல்லை. பாய் மேசையில கிடந்தது, யாரோ வீணாக்கினது. அதுல நிழலும் இல்லை, ஒண்ணும் இல்லை.

உன்னோடது இது, என் சட்டைப் பையில இருக்கறது. ஆமா, இதுதான். பளிச்சுன்னுதான் இருக்கு. எப்பவும் இப்படித்தான் இருந்துச்சு. ஜெயசீலன் கெடுக்கலை. அவரு உன்கிட்டச் சொன்னது பொய், எனக்காகச் சொன்னது. நான் சரியா மாட்டலை. பிலிம் ஓடலை. மூணாவது படத்துலயே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உன்னை அப்படித் திரும்பு, இப்படித் திரும்புன்னு சொல்லிக்கிட்டு நின்னேன். பன்னிரண்டுல ஒண்ணுகூட இல்லை வடிவு. உன் பையன்கிட்டச் சொல்லிடு, இதுல எடுக்கறதுக்கு ஒண்ணும் இல்லை.

திட்டு. என்ன வேணா சொல்லு. பாய் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாரு.

என்ன?

மறந்துபோச்சா? உனக்கா?

எத்தனை வருஷமா?

அழாதே. சரி, அழு. நான் ஒண்ணும் சொல்லலை. என்னைத்தானே கேக்கறே. சொல்றேன், கேளு. பிள்ளைக்கு நீலக் கவுன். மூணு வெள்ளைப் பொத்தான். இடது கால்ல கொலுசு. ரெண்டு ரெண்டு வளையல்...

அது இல்லையா. முகமா. முகம்தான் மறந்துபோச்சா.

கண்ணு முழுசா மூடியிருந்துச்சா, கொஞ்சம் திறந்திருந்துச்சான்னு மட்டுமா?

கோட்டைச்சாமிகிட்டத் தூங்கற மாதிரின்னு சொன்னேனே, அதுவா. அவன் உன்கிட்டச் சொன்னானா? எத்தனை தடவை?

பொறு. பொறு வடிவு, நினைச்சுப் பார்க்கறேன். நாற்காலி பச்சை வயரு. உன் கை முந்தானைக்குள்ள. வெயில் உன் தோள் மேல விழுது. மடியில பிள்ளை. பிள்ளை முகம்...

நான் குமிழைப் பார்த்துக்கிட்டு நின்னேன், தாயி. அதுக்கு முன்னாடி ரெண்டு படமும் உன் கை தெரியுதான்னு பார்த்தேன். பிள்ளை முகத்தை நான் பார்க்கவே இல்லை.